பேராசிரியர் பெயரில் ஓர் உபகாரச் சம்பளம்

(கூலிமில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக ஒரு நினைவு உபகாரச் சம்பளம் ஏற்படுத்தவேண்டும், அது ஓர் ஆசிரியரின் பெயரில் இருக்கவேண்டும் என்று இந்த வட்டாரத்தில் சில காலமாகப் பேச்சு நடக்கிறது. யார் பெயரில் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பேராசிரியர் தனிநாயகம் அடிகளார் பெயரில். எவ்வளவு பணம் வேண்டும் என்பதை உட்கார்ந்து கணக்குப் போட்டால் சொல்லிவிடலாம். யாருக்குக் கொடுப்பது என்று வரும்போதுதான் சண்டை வரும். வரட்டும். இன்றைய பேச்சில் பெரும் பகுதியை அந்தச் சண்டைக்கே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

முதலில் பெயர். அடிகளாரை நாம் உலகத் தமிழ் மாநாட்டோடு சேர்த்தே நினைக்கிறோம். 1966 ஏப்ரல் மாதம் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடங்கிவைத்தார். அதற்கு முன்பாக 1964-இல் டில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவானது. இவ்வளவும் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அவர் கல்வியியல் ஆசிரியராக இருந்தவர் என்பதுதான் மறந்துபோயிற்று. 1952 முதல் 1961 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளர். ஆசிரியராகப் போகிறவர்களுக்குப் பாடம் சொன்னவர். அந்த வேலையில் இருக்கும்போதே லண்டன் போய் 1957-இல் முனைவர் பட்டம் வாங்கினார். எடுத்துக்கொண்ட பொருள், பண்டைத் தமிழ் இலக்கியத்தில் காணப்படும் கல்விச் சிந்தனை. பாணர்களையும் புலவர்களையும் நாம் பாடகர்கள், கவிஞர்கள் என்று நிறுத்திக்கொள்கிறோம். அவர்களே அந்தச் சமுதாயத்தின் ஆசிரியர்கள் என்ற கோணத்தில் சங்கப் பாடல்களைப் படித்தவர் அடிகளார். 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைவராக வந்து 1969 வரை இருந்தார். இங்கே அவர் ஆற்றிய தொடக்கப் பேருரை, இந்தியச் சிந்தனையையும் ரோமானிய ஸ்டோயிக் தத்துவத்தையும் பற்றியது. வத்திக்கான் நூலகத்தில் கிடந்த, 1679-இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை 1966-இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்டவரும் அவர்தான்.

அவர் வாழ்க்கையில் இந்தக் கூட்டத்துக்கு வேண்டிய செய்தி வேறொன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் தீவுப் பகுதியில், கரம்பொன்னில், 1913-இல் பிறந்தவர் அவர். படிப்பெல்லாம் ஆங்கிலத்தில். பிறகு ரோமில் இறையியல். குருவாகித் திரும்பி வந்து, 1940 முதல் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழ் இலக்கியத்தை முறையாகப் பாடங்கேட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தது 1945-இல். அப்போது அவருக்கு வயது 32. பதினேழு வயதில் அவருடைய தமிழ்த் தேர்ச்சியைப் பார்த்து, ‘இந்தப் பையனால் தமிழுக்கு ஏதோ ஆகப்போகிறது’ என்று எந்தக் குழுவும் ஒரு வெள்ளி எடுத்துக் கொடுத்திருக்காது. நாம் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் விதிமுறைகளை அவருக்கே வைத்துப் பார்த்தால், அவர் பெயரிலுள்ள உபகாரச் சம்பளம் அவருக்கே கிடைக்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

அவர் வந்து அமர்ந்த துறையில் தமிழுக்கு இடம் கிடைத்த கதையும் நம் கதைதான். ஐம்பதுகளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை தொடங்கும் பேச்சு எழுந்தபோது, அங்கே எந்த மொழி முதன்மை பெறும் என்ற கேள்வி எழுந்தது. சமஸ்கிருதம் என்று ஒரு பக்கம் பரிந்துரை. தமிழே வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி கிளம்பினார். தலையங்கம் எழுதியதோடு நிற்கவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. ரப்பர் தோட்டத்தில் மங்கு கழுவுகிறவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், சின்னக் கடைக்காரர், எல்லாரிடமும் அதே ஒரு வெள்ளி. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்தார்கள். பின்னாளில் அந்தத் துறைக்குத் தலைவராக வந்தவர்தான் நம் அடிகளார். ஒரு பேராசிரியர் பெயருக்கும் தோட்டத் தொழிலாளியின் ஒரு வெள்ளிக்கும் இப்படி ஒரு கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக நாம் எதையும் இட்டுக்கட்டவேண்டியதில்லை.

அதே காலத்தில் இன்னொரு சேமிப்பும் நடந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போகத் தொடங்கியபோது, வீட்டையும் வேலையையும் சேர்த்து இழந்தவர்கள் நம்மவர்கள். 1960-இல் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணை முறையில் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், பணக் கணக்கு பேசும்போது திரும்ப வருவேன்.

இப்போது கூலிமுக்கு வருவோம்.

1996-இல் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்டபோது, நாட்டிலேயே முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா என்று பெருமையாகச் சொன்னார்கள். பெருமைக்குக் குறைவில்லை. இன்டெல் வந்தது, சில்டெர்ரா வந்தது, 2006-இல் இன்ஃபினியன் வந்தது, ஃபர்ஸ்ட் சோலார், ஓஸ்ராம், ஏடி அண்ட் எஸ் என்று வரிசை நீண்டது. 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் சிலிக்கான் கார்பைடு சில்லு செய்யும் புதிய ஆலையைத் திறந்தது. மின்சாரக் கார்களுக்கு வேண்டிய சில்லு. உலகச் சந்தையில் விலை பேசும் சாமான் நம் வீட்டுக்குப் பின்னால் தயாராகிறது. அந்தப் பூங்காவிலேயே அரசாங்கப் பொலிடெக்னிக்கும் இருக்கிறது, துவாங்கு சுல்தானா பாஹியா பெயரில். வடக்கே செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. சமுதாயத்தின் பணமும் அரசாங்கத்தின் பணமும் சேர்ந்து 2001-இல் உருவானது. ஆகவே படிக்க இடமில்லை, தூரம் அதிகம் என்று நம் தாத்தா காலத்தில் சொன்ன காரணம் இன்று செல்லாது.

இருந்தும் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? காலை ஆறு மணிக்கு பாடாங் செராய் பக்கமோ லூனாஸ் பக்கமோ சாலையோரம் நின்று பாருங்கள். பாக்டரி பஸ் வந்து நிற்கும். ஏறுகிறவர்களில் போன வருஷம் பள்ளிச் சீருடையில் பார்த்த முகங்கள் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, காதில் இயர்போன். மாலை ஏழு மணி வாக்கில் அதே பஸ் திரும்பி வரும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்.

தொழிற்சாலை வேலையை நான் குறைத்துப் பேச வரவில்லை. பால்மரக் காட்டில் மூன்று தலைமுறை கொசுக்கடி பட்ட குடும்பத்துக்குக் குளிர்சாதன அறையில் மாதச் சம்பளம், ஈபிஎஃப், சொக்சோவோடு ஒரு வேலை கிடைப்பது பெரிய காரியம். என் கவலை, யார் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறார்கள் என்பது பற்றியது. சில்லு செய்யும் சுத்த அறைக்குள் போனால் எல்லோரும் தலை முதல் கால்வரை ஒரே மாதிரி வெள்ளை உடைதான். கண் மட்டும் தெரியும். ஆப்பரேட்டர் யார், டெக்னீஷியன் யார், எஞ்சினியர் யார் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. சம்பளச் சீட்டில் தெரியும். பத்து வருஷம் கழித்து இன்னும் நன்றாகத் தெரியும். இயந்திரத்துக்குள் தட்டு வைத்து எடுக்கிறவருக்கும், இயந்திரம் நின்றால் திறந்து பார்க்கிறவருக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் ஒரு டிப்ளோமாதான்.

பிள்ளை எந்த இடத்தில் நழுவுகிறான் என்று பாருங்கள். படிவம் ஐந்து முடிந்து எஸ்பிஎம் எழுதிவிடுகிறான். முடிவு வர மாதக் கணக்கு. முடிவு வந்தபிறகு விண்ணப்பம், இடம், பதிவு என்று மேலும் மாதங்கள். இந்த இடைவெளியில் வீட்டில் சும்மா உட்கார முடியுமா? ‘ரெண்டு மாசம் போய்ட்டு வாடா’ என்று அம்மாவே சொல்வார். தவறே இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. ஓவர்டைம் செய்தால் அதற்கு மேல். முதல் மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு அரிசி, தங்கைக்குப் பள்ளிக் காலணி. இரண்டாவது மாதம் கைப்பேசி. மூன்றாவது மாதம் மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டித் தவணைப் பத்திரத்தில் கையெழுத்து. பொலிடெக்னிக் அழைப்பு அதற்குப் பிறகு வருகிறது. அந்தக் கடிதத்தை அவன் கிழித்துப் போடுவதில்லை. பத்திரமாகத்தான் வைத்திருக்கிறான். ‘அடுத்த இன்டேக்ல பார்க்கலாம் சார்’ என்று சொல்கிறான். அடுத்த சேர்க்கை வரும்போது தவணை இன்னும் முப்பது மாதம் பாக்கி இருக்கும்.

இவன் மக்குப் பையன் இல்லை. ஒன்பது A வாங்கிய பிள்ளையும் இல்லை. ஒன்பது A வாங்கினவள் படம் பத்திரிகையில் வந்துவிடும். மெட்ரிகுலேஷன், அரசாங்க உதவி என்று எங்கேயாவது இடம் கிடைக்கும். கோயில் மேடையில் மாலை போடுவார்கள். மூன்று சங்கங்கள் மூன்று காசோலை கொடுக்கும். அவளுக்குக் கிடைக்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நான்காவது காசோலையாக நம்முடையது அவளுக்குத் தேவையா என்றுதான் கேட்கிறேன். கணிதத்தில் C, அறிவியலில் C, மலாய்மொழியில் பாஸ் என்று டிப்ளோமா வாசலில் நிற்கிறானே, அவனைத் தேடி யாருடைய காசோலையும் வருவதில்லை. இந்த உபகாரச் சம்பளம் அவனுக்கு என்பதே என் வாதம். உங்களில் பலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. ‘தரம் வேண்டாமா?’ என்கிறீர்கள். அதற்குத்தான் இன்னொரு பேராசிரியரை அழைக்கிறேன்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் கல்விப் பேராசிரியராக இருந்தவர் டி. மாரிமுத்து. பிறகு அரசியலுக்குப் போய்த் துணையமைச்சராகவும் இருந்தார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டப் பள்ளிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளைக் கல்வியில் அக்கறையுள்ளவர்கள் தேடிப் படிக்கவேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒரு முட்டுச்சந்து. தொழிலாளியின் பிள்ளையைத் தொழிலாளியாகவே வெளியே அனுப்பும் ஏற்பாடு. இதுதான் அவர் வாதம். பிரிட்டிஷார் காலத்து 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. வைத்தார்கள். ஆயாக்கொட்டகை ஓரத்தில் ஓர் அறை, பல இடங்களில் தோட்டத்து எழுத்தரான கிராணியே வாத்தியார். சட்டத்துக்குப் பதில் சொல்லியாயிற்று, பெற்றோரும் பிரட்டுக்களத்துக்கு நிம்மதியாக வந்தார்கள். அந்த ஏற்பாட்டிலிருந்து வந்த பிள்ளைகளை மதிப்பெண் ஒன்றையே வைத்து அளந்தால், அளக்கப்படுவது பிள்ளையின் திறமையா, அவன் தாத்தா எந்த லயத்தில் பிறந்தார் என்பதா? தோட்டப் பள்ளிகளின் நிலை இன்று எவ்வளவோ மாறிவிட்டது; நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள், நல்ல கட்டடம், பட்டம் பெற்ற ஆசிரியர்கள். ஆனால் முட்டுச்சந்து இடம் மாறியிருக்கிறது. அப்போது ஆறாம் வகுப்பின் முடிவில் இருந்தது, இப்போது படிவம் ஐந்தின் முடிவில் இருக்கிறது. கல்வியைத் தன் தொழிலாகக் கொண்ட அடிகளார் பெயரில் நிதி வைத்துவிட்டு, அதை நல்ல மதிப்பெண்ணுக்குப் பரிசாக மட்டும் கொடுத்தால், அவர் தொழிலையே நாம் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். ஏற்கெனவே ஓடுகிறவனைக் கைதட்டி அனுப்ப ஆசிரியர் தேவையில்லை.

சரி, எவ்வளவு கொடுத்தால் ஒரு பிள்ளை கல்லூரியில் நிற்பான்? நாம் நினைப்பதைவிடக் குறைவு. பொலிடெக்னிக் கட்டணம் ஒரு பருவத்துக்கு இருநூறு வெள்ளி அளவில்தான். பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் இருக்கிறது. ஆனால் கடன் பணம், பதிவு முடிந்து, கணக்குத் திறந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி வருவதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் பதிவுச் செலவு, சீருடை, பாதுகாப்புக் காலணி, மடிக்கணினி, பெட்ரோல், மதியச் சாப்பாடு. என்னிடம் படித்த ஒரு பையன் இடம் கிடைத்தும் போகவில்லை. பணம் கட்ட முடியாமலா என்றேன். ‘பணம் கட்டிரலாம் சார், தினம் போய் வர்றதுக்குத்தான் வழியில்ல’ என்றான். வீட்டில் இருந்த ஒரே மோட்டார் சைக்கிளில் அப்பா செம்பனைக் குலை வெட்டப் போகிறார்.

உலகத்தின் மறுகோடியிலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சில நூறு டாலர் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்பட்டு வீட்டுக்குப் போவதைக் கவனித்தார்கள். 2011-இல் ஒரு சிறு நிதி ஏற்படுத்தி, மாணவன் விண்ணப்பிக்கும் முன்பே பல்கலைக்கழகமே பாக்கியைக் கட்டிவிட ஆரம்பித்தது. சராசரித் தொகை தொள்ளாயிரம் டாலர் அளவு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய திட்டத்தில் கட்டணச் சலுகையோடு பாடநூல் செலவும் பஸ், ரயில் போக்குவரத்து அட்டையும் கொடுத்தார்கள். ஒவ்வொரு மாணவரையும் ஓர் ஆலோசகர் அடிக்கடி சந்தித்தார். ஆய்வு செய்து பார்த்தபோது, மூன்றாண்டில் படிப்பை முடித்தவர்கள் மற்றவர்களில் நூற்றுக்கு 22 பேர், இந்தத் திட்டத்தில் 40 பேர். அங்கே பாடம் மாறவில்லை, வாத்தியார் மாறவில்லை. கட்டண உதவி, பாடநூல், பஸ் அட்டை, விசாரிக்க ஓர் ஆள் என்று வகுப்புக்கு வெளியே கிடைத்த உதவிதான் கூடுதல்.

தமிழ்நாட்டில் திருமண உதவியாகக் கொடுத்துவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2022 செப்டம்பரில் ‘புதுமைப் பெண்’ திட்டமாக்கினார்கள். கல்யாணத்துக்கு மொத்தமாகக் கொடுத்தது படிப்புக்கு மாதாமாதம் ஆயிற்று. நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை 2010-இல் தொடங்கிய ‘விதை’ திட்டத்தில் தன்னார்வலர்கள் விண்ணப்பித்த பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் தேர்வு செய்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

ஏன் பிடிக்கும் என்றால், நம்மிடம் இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. பெருஞ்சித்திரனார் என்ற புலவர் குன்றும் மலையும் தாண்டி அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்க்கப் போகிறார். மன்னன் அவரைச் சந்திக்காமல் பரிசை மட்டும் ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்க மறுத்துவிடுகிறார். முகம் பாராமல் கொடுத்த பொருளை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை. என் தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்பது அவர் நிலை. புறநானூற்றில் இருக்கிறது. பரிசில் நாடி வந்தவர் அவர் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இந்தப் புலவர்களையே ஆசிரியர்களாகப் பார்த்தவர் அடிகளார். அவர் பெயரிலுள்ள பணத்தை, முகம் தெரியாத ஒரு பிள்ளையின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, மேடையில் ஓர் அட்டைக் காசோலையைப் பிடித்துப் படம் எடுப்பதா?

படிவத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் சங்கங்கள் வழங்கும் விண்ணப்பப் படிவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பெற்றோரின் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். குத்தகைக்காரரிடம் டன் கணக்கில் குலை வெட்டுகிற அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு எங்கே இருக்கிறது? சான்றிதழ் நகல்களில் அதிகாரியின் கையொப்பம் கேட்கிறார்கள். அதற்கு அம்மா ஒரு நாள் வேலைக்கு லீவு போடவேண்டும். ‘உங்கள் எதிர்கால இலட்சியம்’ பற்றி இருநூறு சொல்லில் கட்டுரை கேட்கிறார்கள். பதினெட்டு வயதில் என்ன எழுதுவான்? சமுதாயத்துக்குச் சேவை செய்வேன் என்று எழுதுவான். நாமும் அதையே எதிர்பார்த்துக் கேட்கிறோம். ஒரே பக்கம் போதும். பெயர், முகவரி, எந்தப் பள்ளி, எந்த இடம் கிடைத்திருக்கிறது, வீட்டில் எத்தனை பேர், தினமும் எப்படிப் போய் வருவாய். மீதியை வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு புகார் அடிக்கடி கேட்கிறேன். ‘படிக்கக் கொடுத்த பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டான்.’ ஆமாம், கொடுப்பான். அதே பெருஞ்சித்திரனார் குமண வள்ளல் கொடுத்த செல்வத்தோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் என்ன சொல்கிறார் தெரியுமா? உறவினர், முன்பு கடன் தந்தவர், யார் எவர் என்று பாராமல், என்னையும் கேட்காமல் எல்லோருக்கும் கொடு என்கிறார். வறுமையிலிருந்து வருகிறவன் கையில் பணம் தனியாக நிற்காது, வீட்டுக்குள் பரவும். அதைக் குற்றமாகப் பார்க்காமல் திட்டத்திலேயே இடம் வைக்கவேண்டும். நாம் மாதம் நூற்றைம்பது வெள்ளி கொடுத்தால், அதில் ஐம்பது வீட்டுக்குப் போனால் போகட்டும். பாக்டரி வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவன், வீட்டுக்கு முன்பு கொடுத்ததில் ஒரு துளியாவது கொடுக்க முடிந்தால்தான் தலை நிமிர்ந்து வகுப்பில் உட்காருவான்.

இனிப் பணம். ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவில் நின்றுகொண்டு அறக்கட்டளைக்கு எதிராகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். பத்துப் பிள்ளைகளுக்கு மாதம் 150 வெள்ளி என்றால் வருஷத்துக்கு 18,000. அதை வட்டியிலிருந்து மட்டும் கொடுக்கவேண்டுமானால், நான்கு விழுக்காடு என்று வைத்தாலும் மூலதனம் 4,50,000 வெள்ளி வேண்டும். அந்தத் தொகை சேர்வதற்குள் இப்போது படிவம் ஐந்தில் இருப்பவர்களுக்குப் பிள்ளை பிறந்துவிடும். விலைவாசி ஏற ஏற அதே வட்டி ஆண்டுக்காண்டு சுருங்கும். மாறாக, இந்த வட்டாரத்தில் இருநூறு பேர் மாதம் பத்து வெள்ளி கொடுத்தால் வருஷத்துக்கு 24,000. பத்துப் பேருக்கும் மாதாமாதம் கொடுத்து, மீதி 6,000-ஐ அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மடிக்கணினி பழுதாகும், அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகும், வெளியூரில் தொழிற்பயிற்சி கிடைத்து வாடகை முன்பணம் கட்டவேண்டியிருக்கும், அப்போது எடுக்கலாம். பூங்காவில் பொறியாளராக இருக்கும் நம் இளைஞர்களில் பலருக்கு மாதம் பத்து வெள்ளி ஒரு காப்பிக் கடைக் கணக்கு. ஒரு வெள்ளியில் பல்கலைக்கழகத் துறைக்கு நிதி சேர்த்த சமுதாயம், தவணைப் பணத்தில் புக்கிட் சிடிம் வாங்கிய சமுதாயம் இது. பெரிய புரவலர் ஒருவருக்காகக் காத்திருப்பது நம் பழக்கமாக இருந்ததில்லை. அண்மைக் காலத்தில்தான் தொற்றிக்கொண்டது. புரவலர் வந்தால் வரவேற்போம், மூலதனத்தில் சேர்ப்போம். கம்பெனிகளிடம் கேட்பதானால் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் வாங்கிவிட்டுப் போவது நல்லது. கொடுக்கிறவர்களுக்கு வரிக்கழிவு கிடைக்கும், நமக்கும் கணக்கை ஒழுங்காக வைக்கும் கட்டாயம் வரும்.

பணத்தைவிட ஆள்தான் கஷ்டம். ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று பத்துப் பேர் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். பூங்காவில் டெக்னீஷியனாக, எஞ்சினியராக இருப்பவர்கள் இருக்கிறீர்கள். வேலை இதுதான். தேர்வு முடிந்த உடனேயே, முடிவு வரும்வரை காத்திராமல், பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை. இடைக்காலத்தில் பாக்டரிக்குப் போகிறானா, போகட்டும், ஆனால் தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ‘மாமாகிட்ட ஒரு வார்த்தை கேளு’ என்று சொல்லுமளவுக்கு வீட்டில் பழக்கம் வேண்டும். முடிவு வந்த வாரம் கூட உட்கார்ந்து இணையத்தில் விண்ணப்பம் போடவேண்டும். பதிவு நாளன்று, அப்பாவுக்கு லீவு கிடைக்காவிட்டால், நீங்கள் கூடப் போகவேண்டும். முதல் பருவத்தில் மாதம் ஒருமுறை ஒரு போன். முதல் பருவம் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பிள்ளை தாண்டிவிடுவான். பெண் பிள்ளைகள் வீட்டுக்குப் பெண்களே போவது நல்லது. மகளிர் பிரிவினர் இதை எடுத்துக்கொள்ளலாம்.

யாரைப் பார்ப்பது என்று தேட நமக்குப் பட்டியல் தேவை. அதை இடைநிலைப்பள்ளிகளின் ஆலோசக ஆசிரியர்களிடம் கேட்போம். முதல் வரிசை மாணவர்கள் பெயரை மட்டும் கொடுத்தால் பணிவோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, நடு வரிசைப் பெயர்களைக் கேட்போம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடமும் கேட்கலாம். ஆறாம் ஆண்டோடு அவர்கள் கையைவிட்டுப் போன பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான் என்று அவர்களில் சிலருக்கு இன்றும் தெரியும்.

வாசல் மேசையில் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். ஒன்று நான் சொன்ன ஒரு பக்க விண்ணப்பத்தின் வரைவு. தேவையில்லாத கேள்வி ஏதாவது இன்னும் அதில் இருந்தால் பேனாவால் அடித்துவிட்டுத் தாருங்கள். மற்றது வீடுகளுக்குப் போக முன்வருகிறவர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுவதற்கு. ஷிஃப்ட் நேரத்தையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். மதிப்பெண் பற்றி என்னோடு சண்டை போட விரும்புகிறவர்கள் இப்போதே கை உயர்த்தலாம். அவைத் தலைவர் இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்.